நான் உரித்தெடுத்த சம்மன்

தூளியில் தூங்கிக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை அரும்பியிருக்கும். இப்போது உனக்கு எட்டு மாதம், எனக்குப் பத்தொன்பது வயது. வளர்ந்த பிள்ளைக்கு எழுத வேண்டிய கடிதத்தை இவ்வளவு சீக்கிரம் எழுதுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். தலை நரைத்த பிறகு எழுதலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்குள் எனக்குச் சாதகமாக இரண்டு வரி கூட்டியும் இரண்டு வரி குறைத்தும் எழுதப் பழகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த புதன்கிழமை ஜில்லா கோர்ட்டில் ஒரு விசாரணை. அங்கே நான் சொல்லப்போவதை முதலியார்பேட்டையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். "உங்க அம்மா பொய்ச் சாட்சி சொன்னவதானே" என்று என்றைக்காவது ஒருவர் உன் முகத்துக்கு நேராகக் கேட்பார். அது உண்மைதான். அதை நீ முதலில் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். என் அம்மா இறந்துபோனதும் வீட்டில் சமைக்க ஆளில்லை. உன் தாத்தா மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அதனால் நின்றேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். அதில் பாதிதான் உண்மை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். நின்றுவிட்டதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். வெளியாள் குரல் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "இவளைப் பாக்கணும்னா கதவைக் கழட்டித்தான் பாக்கணும்" என்று என் அத்தை கேலி செய்வாள். என் கூச்சத்தை எல்லோரும் நல்ல குணம் என்றுதான் சொன்னார்கள். நீ அப்படி நம்பிவிடாதே. என் விஷயத்தில் அது என்ன செய்தது என்பதைக் கேள்.

முதலியார்பேட்டையில் நாங்கள் இருந்த வீடு பத்திரப்படி உன் தாத்தாவின் அண்ணன் பெயரில் இருந்தது. அவர் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறியவர். போகும்போது, வீடு தம்பிக்கே என்று நொத்தேரிடம், அதாவது அந்தக் காலத்துப் பத்திரம் எழுதும் அதிகாரியிடம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிரெஞ்சில் எழுதிய அந்தத் தாள் எங்கள் இரும்புப் பெட்டியில் இருந்தது. உன் தாத்தாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனாலும் தீபாவளிக்குத் தீபாவளி எடுத்துத் தூசி தட்டி வைப்பார். முப்பது வருஷம் கழித்துப் பெரியப்பாவுக்கு என்ன தோன்றியதோ, இங்கே இருந்த ஒரு உறவுக்காரரை ஏஜெண்டாக வைத்து, வீடு என்னுடையது, தம்பி காலி செய்ய வேண்டும் என்று முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டுவிட்டார். எங்களுக்கு அது தெரியாது. தெரியப்படுத்தத்தான் கோர்ட் சம்மன் அனுப்பியது. அதைக் கொண்டுவந்த கோர்ட் ஊழியர் பெயர் கலியபெருமாள். எல்லோரும் அவரை அமீனா என்பார்கள். வயதான ஒரு சிலர் மட்டும் பழைய பழக்கத்தில் பிரெஞ்சுக்காரன் சொன்னபடி உய்சியே என்று கூப்பிடுவார்கள்.

அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. உன் அப்பா வீட்டார்தான். எனக்குப் பதினாறு வயது. உன் தாத்தா பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த அத்தை பால் வாங்கப் போயிருந்தாள். கலியபெருமாள் சைக்கிளை நிறுத்திவிட்டு உன் தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"பாப்பா, அப்பா இல்லியா?"

நான் கதவோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

"உன் கால் தெரியுது பாப்பா. பயப்படாத. நாலு நாளா வர்றேன், ஒருநாளும் ஆளைப் புடிக்க முடியல. இது கோர்ட்டு நோட்டீஸு. ஆம்பளைங்க கையிலதான் குடுக்கணும், உங்கிட்ட குடுக்க எனக்கு ரூல் இல்ல. கதவுல ஒட்டிட்டுப் போறேன். அப்பா வந்ததும் காட்டிடு. தேதி போட்டிருக்கு, தவறிடக்கூடாதுன்னு சொல்லு. சொல்லிடுவியா?"

"உம்" என்றேன். அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டதால்தான் போனார். போகும்போது எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இது இன்னார் வீடுதானே என்று கேட்டு, சாட்சிக்காக அவர் பெயரையும் எழுதிக்கொண்டு போனார். தன் வேலையில் எந்தக் குறையும் அவர் வைக்கவில்லை.

நான் வெளியே வந்து பார்த்தேன். கதவின் நடுவில், கண்ணுக்கு நேராக, கோர்ட் முத்திரையோடு ஒரு தாள். பசை இன்னும் காயவில்லை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இந்தக் கதவின் முன்னால்தான் செருப்பைக் கழற்றுவார்கள். தெருவில் எங்கள் வீட்டை என்ன சொல்வார்கள் என்பது எனக்கு அப்படியே காதில் கேட்டது. படிக்கத் தெரியாதவளாக இருந்தால் மன்னிப்பு உண்டு. எனக்குப் படிக்கத் தெரியும். குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு சொல்லப்படும் என்று எழுதியிருந்த வரியை நான் முழுதாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஈரத்துணியை வைத்துத் தாளை உரித்தேன். பசை ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதை மறைக்க மஞ்சளைக் குழைத்துக் கதவு முழுக்கப் பூசிக் குங்குமம் வைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் உன் அப்பாவின் அம்மா சொன்ன முதல் வார்த்தை அதைப் பற்றித்தான்.

"தாயில்லாத வீடுன்னு சொன்னாங்க. கதவுக்குக்கூட மஞ்சள் பூசி வெச்சிருக்கே பொண்ணு. இதைவிட என்னா பாக்கணும்?"

"எல்லாம் அவளாவே செய்வா" என்றாள் அத்தை, பெருமையாக.

அவர்கள் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். நம்பு. தாளை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆனால் அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். உன் தாத்தா, என் அம்மா போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார். மீதி இருந்த கேசரியை வழித்துத் தின்றுகொண்டே, "உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் தெருவையே கூப்பிட்டிருப்பா" என்றார். அந்தச் சிரிப்பின் நடுவில் எப்படிச் சொல்வது? நாளைக்கு என்று நினைத்தேன். மறுநாள், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று இருந்தது. அதற்கு அடுத்த நாள், ஏன் உரித்தாய் என்று கேட்பாரே என்று இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று கூடிக்கொண்டே போனது. தாளில் போட்டிருந்த தேதி வந்து போனது. அதற்குப் பிறகு ஒரு காலை வெந்நீர் அடுப்பில் அதைப் போட்டு எரித்துவிட்டேன். எரிந்து முடிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

சில மாதம் கழித்துக் கலியபெருமாள் மறுபடியும் வந்தார். அன்று உன் தாத்தா வீட்டில் இருந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த தாளைக் கையில் வாங்கி இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

"என்னா கேஸு? யாரு போட்ட கேஸு? எனக்கு ஒண்ணுமே வரலியே!"

"கதவுல ஒட்டிட்டுத்தானே போனேன் அண்ணே. பாப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். கேட்டுப் பாருங்க."

உன் தாத்தா என் பக்கம் திரும்பினார். "வந்தாராம்மா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. வாயைக்கூடத் திறக்கவில்லை. என் முதல் பொய் அவ்வளவுதான்.

உன் தாத்தா வாசலில் நின்றுகொண்டு கத்தினார். "தேய்க்காத செருப்பும் மிதிக்காத சைக்கிளும்! எங்கியோ மரத்தடியில உக்காந்து ஒட்டினேன்னு எழுதிட்டு வந்து, எம்பொண்ணு மேல பழி போடறியா? திருட்டுப் பயலே!" தெருவே வேடிக்கை பார்த்தது. கலியபெருமாள் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். சம்மன் வரவே இல்லை, அதனால் ஒருதலைத் தீர்ப்பை ரத்துசெய்ய வேண்டும் என்று மனு. உன் தாத்தா சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். முன்சீப் கோர்ட்டில் ஏறி நின்றேன். கலியபெருமாள் எனக்கு முன்னாலேயே சாட்சி சொல்லியிருந்தார். கதவுக்குப் பின்னால் கால் தெரிந்தது, உம் என்று சொன்னது கேட்டது என்று நடந்ததை நடந்தபடி சொன்னார். எதிர்வீட்டுக்காரர், தினம் முகத்தில் விழிக்க வேண்டிய மனிதர் என்பதால், "எனக்கு ஞாபகம் இல்லிங்க ஐயா" என்று நழுவிவிட்டார். ஆகவே எல்லாம் என் வாயில் வந்து நின்றது.

"சத்தமா சொல்லும்மா. பயப்படாத. இவர் உங்க வீட்டுக்கு வந்து நோட்டீஸ் ஒட்டினாரா?" என்று முன்சீப் கேட்டார்.

"இல்லிங்க."

"கதவுக்குப் பின்னாடி நின்னியாம்மா?"

"இல்லிங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பயத்தில் வந்த தண்ணீர். முன்சீப் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். எங்கள் மனுவை ஏற்றுக்கொண்டு, வீட்டுக் கேஸை மறுபடி விசாரிக்கலாம் என்று எழுதிய உத்தரவை, வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் ரோஸ்லின் அக்கா எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். சாட்சி சிறு பெண், கூச்ச சுபாவம் உள்ளவள், கோர்ட்டில் பொய் சொல்லக்கூடியவளாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, சம்மனை ஒட்டியதாக ஊழியர் கொடுத்த அறிக்கையை நம்புவதற்கில்லை என்றும் எழுதியிருந்தார். "பாத்தியா, ஜட்ஜே உனக்குச் சர்டிபிகேட் குடுத்துட்டாரு. ஃப்ரேம் போட்டு மாட்டு" என்று ரோஸ்லின் அக்கா சிரித்தாள். அடுத்த வாரமே கலியபெருமாளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மேல் விசாரணை பிறகு நடக்கும் என்றார்கள்.

பெரியப்பாவின் ஏஜெண்டு விடவில்லை. அந்த உத்தரவை எதிர்த்து மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார். நம் ஊருக்கென்று தனி ஹைகோர்ட் கிடையாது, மெட்ராஸ் கோர்ட்டுதான் நமக்கும். மில்லில் உன் தாத்தாவின் பழைய சிநேகிதர் ஒருவர், "நேரா பாரிசுக்கு ஒரு காகிதம் போடுய்யா, அங்க இருக்கான் பாரு நியாயஸ்தன்" என்றாராம். பிரெஞ்சுக்காரன் இருந்தபோது கடைசி அப்பீல் அங்கேதான் போகுமாம். "அவன் போயே வருஷம் ஆயிடுச்சு. நம்ம கடைசி இப்ப டில்லி" என்று உன் தாத்தா அவரைத் திருத்தினார். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. மில்லில் பாவு நூல் சுற்றும் வார்பின் மிஷின் ஓட்டும் தன் பெயர் மெட்ராஸ் ஜட்ஜின் மேஜைவரை போகிறதே என்று.

எனக்கும் அப்போது மனசு கொஞ்சம் லேசானது. ஏன் தெரியுமா? இதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு, முதலாவதைவிட முட்டாள்தனமானது. பள்ளிக்கூடத்தில் ஒரு தகராறு என்றால் வகுப்பு டீச்சர் கேட்பார். தீரவில்லை என்றால் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்பார். அவரிடம் போய் அழுது உண்மையைச் சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். முன்சீப் சின்ன ஜட்ஜ். மெட்ராஸில் பெரிய ஜட்ஜ். அவர் என்னைக் கூப்பிட்டு, இப்போது உண்மையைச் சொல் என்பார். அப்போது சொல்லிவிடலாம். இப்படி ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணம் நடந்தது. தேங்காய்த்திட்டில் உன் அப்பா வீட்டுக்குக் குடி வந்தேன். நீ வயிற்றில் வந்தாய், பிறந்தாய். பஸ்ஸில் மெட்ராஸ் போகும்போது உன்னை எதில் சுற்றி எடுத்துப்போவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் உன் தாத்தா பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். மெட்ராஸிலிருந்து நேராக வருகிறார். "ஜெயிச்சாச்சு! அவன் மனுவைத் தள்ளிட்டாங்க. முன்சீப்பு சொன்னதுதான் சரின்னுட்டாங்க."

"என்னைக் கூப்பிடவே இல்லியே நைனா?"

"உன்னை எதுக்குக் கூப்பிடணும்? நீ சொன்னதைத்தான் அங்க படிச்சாங்க. எல்லாம் எழுதி வெச்சிருக்காங்கம்மா, நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும்!"

மறுவாரம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோஸ்லின் அக்காவிடம் போனேன். அவள் கார்பன் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீ என்னாடி, மெட்ராஸ்ல கூண்டு வெச்சு உன்னை ஏத்துவாங்கன்னு நெனச்சியா? கேளு. சாட்சி, விசாரணை, அழுகை எல்லாம் கீழ முன்சீப் கோர்ட்டோட சரி. அதுக்கு மேல சப் கோர்ட்டு, ஜில்லா கோர்ட்டு. அதுக்கு மேல மெட்ராஸு. எல்லாத்துக்கும் மேல டில்லி. நாடு பூரா ஒரே ஏணிதான். ஆனா அந்த ஏணியில ஆளு ஏறமாட்டாங்க, கேஸ் கட்டுதான் ஏறும். முகத்தைப் பாத்து இவ சொல்றது நெசமா பொய்யான்னு எடை போடறவரு கீழ இருக்கிற முன்சீப்பு. மேல இருக்கிறவங்க, அவரு சட்டப்படி செஞ்சாரா இல்லையான்னு தாளைத்தான் பாப்பாங்க."

"டில்லிக்குப் போனா?"

"அதே கட்டுதான். கொஞ்சம் தடிமனா இருக்கும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தாள். அதற்குமேல் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "ஏண்டி, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டு உன் கன்னத்தைக் கிள்ளினாள்.

கண்ணா, எவ்வளவு பெரிய ஏற்பாடு இது என்று அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது நினைத்துப் பார்த்தேன். நம் ஊர் சின்னக் கோர்ட்டிலிருந்து டில்லிவரை, ஒருவர் தப்பு செய்தால் மேலே ஒருவர் திருத்துவதற்காகப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை பேரும் அடியில் நிற்கிற ஒருத்தி உண்மை சொல்லியிருப்பாள் என்று நம்பித்தான் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். முன்சீப் என்னை நம்பினார். மெட்ராஸ் ஜட்ஜ் முன்சீப்பை நம்பினார். என் பொய் படி ஏற ஏற அதற்கு மரியாதை கூடியதே தவிர, யாரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் குறையில்லை. தட்டிப் பார்க்க வேண்டிய இடத்தில் நான் கதவைச் சாத்திவிட்டேன். நீ எந்தத் தொழிலுக்குப் போனாலும் ஒன்று செய். உன்னை முதலில் கேட்கிறவர் எவ்வளவு சின்ன மனிதராக இருந்தாலும், அவரிடமே உள்ளதைச் சொல்லிவிடு. பெரியவர் வரட்டும் என்று காத்திருக்காதே. பெரியவர் வரும்போது உன்னை அவர் பார்க்கமாட்டார். நீ சொன்னதை மட்டும்தான் பார்ப்பார்.

இப்படிப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், அப்போதும் இல்லை. ஏனென்றால் எல்லாம் தெரிந்த பிறகும் நான் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். உன் அப்பா ஐஸ் பாக்டரியில் வேலை பார்க்கிறார் அல்லவா, ஒருநாள் அவருக்கு மதியச் சாப்பாட்டையும் இடுப்பில் உன்னையும் எடுத்துக்கொண்டு துறைமுகம் பக்கம் போனேன். மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஐஸ் கட்டியை உடைத்து மீன் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் துணி சுற்றியிருந்தது. கலியபெருமாள். திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"அட, பாப்பாவா? பரவால்லியே, கதவை விட்டு வெளிய வந்துட்ட."

நான் நின்றேன். உன்னைப் பார்த்தார். "பையனா? பேரு என்னா?" என்றார். சொன்னேன். ஐஸை உடைத்துக்கொண்டே பேசினார். என்மேல் அவருக்கு இருந்த கோபம் அந்த உடைப்பில்தான் தெரிந்தது, பேச்சில் இல்லை.

"வர்ற மாசம் எனக்கு என்கொயரி வெச்சிருக்காங்க. ஜில்லா கோர்ட்டுல. ஐகோர்ட்டே சொன்ன பின்னால இவங்க என்னா புதுசா சொல்லப்போறாங்க. போய் நிக்கணும், நிக்கறேன்." பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்பா. உன்னைச் சண்டைக்குக் கூப்பிடல. எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. அன்னிக்கு நாலஞ்சு வீடு எனக்கு. நான் ஒட்டினது உங்க வீடுதானா, இல்ல வேற தெருவா? ராத்திரியெல்லாம் அந்தக் கதவை யோசிச்சுப் பாக்கறேன். சமயத்துல கதவு தெரியுது, சமயத்துல தெரியல."

அவர் வேலையை நான் பறித்தேன் என்பது எனக்குத் தெரியும். அவர் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துப் பறித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டுக் கூடை கையில் கனத்தது. "எங்க வீடுதான்" என்றேன். "நீங்க ஒட்டினீங்க. நான்தான் உரிச்சுப் போட்டேன்."

அவர் கோடாலியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். பக்கத்தில் இருந்த கவிழ்த்த கூடைமேல் மெல்ல உட்கார்ந்து, "அப்ப எனக்குப் புத்தி கெடல" என்றார். என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்து, "போம்மா. வெயில்ல கொழந்தையை வெச்சுக்கிட்டு நிக்காத" என்றார். என்கொயரியில் வந்து சொல் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே உன் அப்பாவிடம் சொன்னேன். மஞ்சள் பூசியதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த மஞ்சளைப் பாத்துத்தானே எங்கம்மா உன்னைப் புடிச்சுப்போச்சுன்னாங்க!" என்றார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "போய்ச் சொல்லு. ஆனா எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ சொல்லாத" என்றார். மறுநாள் உன் பாட்டி எனக்குக் காபியைக் கையில் கொடுக்காமல் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் பேசவில்லை. பேசுவார் என்று எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை.

உன் தாத்தாவிடம் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவர் அடிப்பார் என்று நினைத்துப் போனேன். அடிக்கவில்லை. "நான் சாமி மேல சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேனேம்மா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு, "அந்த ஆளை நடுத்தெருவுல திருடன்னு சொன்னேனே" என்றார். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. "போவாத பாப்பா. வீட்டுக் கேஸு இன்னும் முடியல. இதைப் புடிச்சுக்கிட்டு அவங்க அந்தப் பழைய தீர்ப்பை மறுபடி கெளப்புவாங்க. உன்மேல கேஸு போடுவாங்க. கைக்கொழந்தைக்காரி நீ" என்று கெஞ்சினார். பெட்டியில் பெரியப்பா எழுதிக்கொடுத்த தாள் இருக்கிறதே நைனா, அன்றே அதைக் காட்டியிருந்தால் நீங்கள் உண்மையாகவே ஜெயித்திருப்பீர்களே என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று அதைக் காட்டவிடாமல் செய்தவள் நான்தானே. அவர் இந்தப் பக்கம் வந்து ஒன்பது நாள் ஆகிறது.

ரோஸ்லின் அக்காவிடம் ஒரு மனு டைப் அடித்துத் தரச் சொன்னேன். "உங்க நைனா எங்க வக்கீலோட கட்சிக்காரரு. நானே அவருக்கு எதிரா அடிச்சா என் விரலை ஒடிச்சிடுவாரு. கையால எழுது" என்றாள். "என்னா எழுதறது?" என்றேன். "ரெண்டு வருஷம் முன்னாடி கூண்டுல சொல்லாததை எழுது. பொய்ச் சாட்சிக்கு ஜெயிலு கூட உண்டு, தெரிஞ்சுக்கிட்டு எழுது" என்றாள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை எழுதியதில் என் அம்மா இறந்தது, எனக்குப் பதினாறு வயது, பெண் பார்க்க வந்தது எல்லாம் இருந்தது. இரண்டாவது தடவை வயது மட்டும் இருந்தது. கடைசியில் அதையும் எடுத்துவிட்டேன். ஊழியர் சம்மனை ஒட்டினார், நான் உரித்தேன், படித்தேன், எரித்தேன், கோர்ட்டில் இல்லை என்று சொன்னேன். அவ்வளவுதான். இன்று காலை அதை ஜில்லா கோர்ட் ஆபீசில் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைக் குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாதும்மா" என்றார். தெரியும் என்றேன். முத்திரை குத்தினார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பயம் போகவில்லை. வீடு போகலாம், என்மேல் கேஸ் வரலாம், உன் தாத்தா என்னோடு பேசாமலே போகலாம். கலியபெருமாளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று ரோஸ்லின் அக்கா சொல்கிறாள். ஆனால் போன இரண்டு வருஷத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பிக் கொடுக்காது. நான் சொல்வதால் நல்லவளாகிவிடுவேன் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. பிடிபட வேண்டிய அன்று தப்பித்தவள், பிடிக்க ஆளில்லாதபோது தானாகப் போகிறாள், அவ்வளவுதான்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போ, பார்த்தால் அதிகாரிக்கு மனசு இளகும் என்று அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். முன்பு ஒரு ஜட்ஜ் என் முகத்தைப் பார்த்து இரங்கித்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் உன்னை எடுத்துப்போகப்போவதில்லை. உன் அப்பா அன்று லீவு போட்டிருக்கிறார். நீ அவரோடு வீட்டில் இரு. பசித்து அழுவாய் என்று தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அம்மா